பழைய காருக்குப் புது ஸ்டீயரிங்: முதலில் பாஸைப் பாருங்கள்

பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டிருப்பவர்களிடம், உள்ளே முதலில் எதை மாற்ற ஆசை என்று கேட்டால் பாதிப் பேராவது ஸ்டீயரிங் என்பார்கள். வெயில் பட்டு வெடித்த பிளாஸ்டிக், உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டும் மேலுறை, ஸ்போக் வந்து சேரும் இடத்தில் நகம் நுழையும் விரிசல். சீட்டு கிழிந்திருந்தால் ஒரு துணியைப் போட்டு உட்காரலாம். ஸ்டீயரிங்கை அப்படி விட முடியாது, கார் ஓடும் நேரம் முழுக்கக் கை அதன்மேல்தான் இருக்கிறது.

ஆசைப்பட்டுத் தேடத் தொடங்கியதும் கண்ணைப் பறிப்பது வளையம்தான். மூன்று ஸ்போக், மரப்பிடி, துளையிட்ட அலுமினியம், சிவப்புத் தையல். பணத்தை அங்கே கொட்டிவிட்டு, அதைக் காரோடு இணைக்கும் ‘பாஸ்’ என்ற பாகத்தைக் கிடைத்த விலைக்கு வாங்குவார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். குறைந்த செலவில் நல்ல ஸ்டீயரிங் வேண்டுமென்றால் வரிசையைத் திருப்புங்கள். முதலில் பாஸ், பிறகு அளவு, கடைசியில் அழகு.

மாற்றத்தான் வேண்டுமா?

கடைக்குப் போவதற்கு முன்னால் காரில் இருப்பதை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நடுவில் ஏர்பேக் இருந்தால் இந்தக் கட்டுரை உங்கள் காருக்கு அல்ல. ஏர்பேக் ஸ்டீயரிங்கைக் கழற்றிச் சாதாரண வளையம் மாட்டுவது உயிரோடு விளையாடும் வேலை. பல நாடுகளில் சட்டமும் அனுமதிக்காது.

ஏர்பேக் இல்லாத காலத்துக் கார் என்றால், உடைந்திருப்பது மேலுறை மட்டுமா, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமுமா என்று பார்க்க வேண்டும். 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து, ஒரு கையால் உங்கள் பக்கம் இழுத்து மறு கையால் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். விரிசல் வாய் திறந்து மூடினாலும் சட்டம் அசையவில்லை என்றால் அது மேலுறையின் வயோதிகம். அதைச் சரிசெய்யலாம். விரிசலை அரத்தால் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் அகலப்படுத்தி, தூசி தட்டி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பசையை அடைத்து, முழுதாக இறுகியபின் உப்புத்தாள் தேய்த்து, ப்ரைமரும் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். விரிசலை அகலப்படுத்தாமல் மேலாகப் பூசினால் கொஞ்ச நாளில் அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். இரண்டு மூன்று வார இறுதிகள் போகும், பணம் அதிகம் போகாது. அரிதான மாடல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஒரிஜினல் ஸ்டீயரிங்குக்கு ஈடு கடையில் கிடைக்காது.

சட்டமே வளைந்தோ துருவேறியோ இருந்தால், அல்லது உங்கள் உடம்புக்கு அந்தப் பெரிய வளையம் ஒத்துவரவில்லை என்றால், மேலே படியுங்கள்.

பாஸ் என்றால் என்ன

ஸ்டீயரிங்கைத் தாங்கி உள்ளே இறங்கும் தண்டை ஸ்டீயரிங் காலம் (column) என்பார்கள். அதன் நுனியில் நுண்ணிய பற்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். அதற்கு ஸ்ப்லைன் என்று பெயர். வெளியில் வாங்கும் வளையம் நேரடியாக அதன்மேல் உட்காராது. இடையில் ஒரு பாகம் வேண்டும். அதன் ஒரு பக்கம் உங்கள் காரின் ஸ்ப்லைனோடு கவ்வும், மறு பக்கத்தில் வளையத்துக்கான போல்ட் துளைகள் இருக்கும். அதுதான் பாஸ் கிட். சிலர் ஹப் அடாப்டர் என்பார்கள்.

காரின் பெயரைச் சொல்லி மட்டும் இதை வாங்கக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனால் இடையில் ஒரு வருடத்தில் ஸ்டீயரிங் காலத்தை மாற்றியிருப்பார்கள். ஸ்ப்லைனின் பற்களின் எண்ணிக்கை, விட்டம், சில கார்களில் நுனி கூம்பாகக் குறுகும் விதம் எல்லாமே பொருந்த வேண்டும். தயாரித்த வருடத்தோடு, முன்னால் காரை வைத்திருந்தவர் வேறு காரின் காலத்தை மாட்டினாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றி, பற்களை எண்ணி, வெர்னியர் காலிப்பரில் விட்டத்தை அளந்து, படம் எடுத்துக்கொண்டு தேடுங்கள். கடைக்காரர் ‘கொஞ்சம் தட்டினால் ஏறிவிடும்’ என்றால் அதை வாங்காதீர்கள். சரியான பாஸ் கையால் தள்ளினாலே பற்களில் வழுக்கி ஏறும்.

பாஸில் செலவு செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்ல பாஸ்கள் சிலவற்றில், மோதலின்போது ஓட்டுநரின் மார்பு வந்து இடித்தால் நசுங்கிக்கொடுக்கும் இரும்பு உறை இருக்கும். வெறும் அலுமினியக் கட்டியாகக் கடைந்து வரும் மலிவு பாஸில் அது கிடையாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நசுங்கும் பாஸையும் சாதாரண வளையத்தையும் வாங்குங்கள்.

4 மில்லிமீட்டர் வித்தியாசம்

வளையத்தைப் பாஸோடு இணைக்கும் போல்ட் துளைகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தைப் பி.சி.டி. என்பார்கள். மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. வளையங்களில் பொதுவாக 6 துளை, 70 மி.மீ. நார்டி, பெர்சனல் வளையங்களில் 6 துளை, 74 மி.மீ. அமெரிக்கக் கார்களில் அதிகம் காணும் கிராண்ட் வளையங்களில் 5 துளை வகையும் 3 துளை வகையும் உண்டு. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பார்க்கும் மோட்டோ-லிட்டா 9 துளை.

70-க்கும் 74-க்கும் உள்ள வேறுபாட்டை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. என் முதல் காருக்கு நான் வாங்கிய பழைய வளையத்தை விற்றவர், ‘6 துளை, எல்லாப் பாஸுக்கும் சேரும்’ என்றார். வீட்டில் வந்து பாஸின் மேல் வைத்தேன். முதல் போல்ட் இறங்கியது. எதிர்ப்பக்கத்து போல்ட் பாதித் துளையில் நின்றுவிட்டது. வளையத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துளையும் 2 மி.மீ. தள்ளி இருந்தது, பாஸின் மரைக்கு மேல் பிறைநிலா மாதிரி ஒரு துண்டு அலுமினியம் தெரிந்தது. உதவிக்கு வந்த நண்பர் உருண்டை அரத்தை எடுத்து, ‘அஞ்சு நிமிஷ வேலை’ என்றார். நான் விடவில்லை, இன்றுவரை அதை எண்ணி நிம்மதிப்படுகிறேன். அந்த போல்ட்டின் தலை கூம்பு வடிவம். துளையின் சரிவு முழுவதும் அதன்மேல் படிந்தால்தான் பிடி. துளையை நீளமாக்கிவிட்டால் தலை ஓர் ஓரத்தில் மட்டும் கடிக்கும், நிறுத்தத்தில் இறுக்கித் திருப்பும்போதெல்லாம் வளையம் இம்மி இம்மியாக நகரும். போல்ட் தளர்வது அப்படித்தான் தொடங்கும்.

இப்போது பல பாஸ்களில் 70, 74 இரண்டுக்குமாக 12 துளை போட்டே வருகிறது. அதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. வாங்குமுன் எதிரெதிராக உள்ள இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தாலே போதும். வளையத்தின் துளையை அகலப்படுத்துவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வாங்கும் பழைய வளையத்தில் யாராவது ஏற்கெனவே அகலப்படுத்தியிருந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விட்டம்

பழைய கார்களின் வளையங்கள் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன? பவர் ஸ்டீயரிங் இல்லை, அதனால். வளையம் பெரிதானால் நெம்புகோல் நீளமாகிறது, கைக்குப் பளு குறைகிறது. கணக்கு எளிது. 400 மி.மீ. வளையத்தை எடுத்துவிட்டு 350 மாட்டினால், அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். 320 மாட்டினால் 25 சதவீதம். ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது. நின்ற இடத்தில் திருப்பிப் பார்க்கிங் செய்யும்போது தோள்பட்டை சொல்லும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது 350. என்ஜின் பின்னால் இருக்கும் கார், முன்பக்கம் லேசான சிறிய கார் என்றால் அது தாராளமாகப் போதும். முன்னால் கனமான என்ஜின், அகலமான டயர், பவர் ஸ்டீயரிங்கும் இல்லை என்றால் 360 முதல் 380 வரை பாருங்கள். 320, 330 எல்லாம் ரேஸ் காருக்கு. தெருவில் ஓட்டும் பழைய காருக்கு வேண்டாம்.

விட்டத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு சிக்கல் மீட்டர். பெரிய வளையத்தின் மேல்பாதிக்குள் தெரியும்படிதான் ஸ்பீடோமீட்டரை வைத்திருப்பார்கள். சிறிய வளையம் சரியாக அதன் குறுக்கே விழும். இதைக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். கெட்டியான அட்டையில் 350 மி.மீ. வெளிவிட்டமும் மூன்று செ.மீ. அகலமும் உள்ள வளையம் வெட்டி, பழைய ஸ்டீயரிங்கின் ஸ்போக்குகளோடு நடுவில் வைத்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சீட்டில் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்து சாவியைப் போடுங்கள். ஆயில் பிரஷர் விளக்கும் சார்ஜ் விளக்கும் தெரிகின்றனவா? வேகமுள்ளின் பாதி மறைவதுகூடப் பழகிவிடும். ஆயில் விளக்கு மறையக் கூடாது, அது எரிவதைப் பார்க்கத் தவறினால் என்ஜினே போய்விடும். ஏறி இறங்கும்போது தொடை இடிக்கிறதா என்பதும் இந்த அட்டையிலேயே தெரிந்துவிடும்.

டிஷ், எட்டும் தூரம்

போல்ட் துளைகள் உள்ள தட்டுக்கும் வளையத்துக்கும் உள்ள ஆழத்தை டிஷ் என்பார்கள். தட்டையான வளையத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நடுத்தர டிஷ் 40 மி.மீ. அளவில் இருக்கும், டீப் டிஷ் 65, 90 என்று போகும். படத்தில் டீப் டிஷ் அழகாகத் தெரியும். ஆனால் பாஸின் உயரமும் டிஷ்ஷும் சேர்ந்துதான் வளையம் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன.

பழைய ஸ்டீயரிங் மாட்டியிருக்கும்போதே, பாஸ் உட்காரப்போகும் அடியிலிருந்து வளையத்தின் முகம் வரை அளந்து எழுதிவையுங்கள். 150 மி.மீ. வந்தது என்று வையுங்கள். பாஸின் உயரம் 90, டிஷ் 40 என்றால் மொத்தம் 130. புது வளையம் 20 மி.மீ. உங்களைவிட்டு விலகிப் போகும். அதே பாஸில் 90 டிஷ் போட்டால் 180, மார்பை நோக்கி 30 மி.மீ. வந்துவிடும். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் விழ வேண்டும். அதுதான் சரியான தூரம். விலகிப் போனால் இண்டிகேட்டர் தண்டில் விரல்கணு இடிக்கும். மிக அருகில் வந்தால் தண்டு விரலுக்கு எட்டாது.

எதை வாங்குவது

பிடியின் தடிப்பைப் பலரும் கவனிப்பதில்லை. 1960-கள் வரை கார்களில் வந்த வளையங்கள் சுண்டுவிரல் தடிமன்தான். கியான்பியெரோ மொரெட்டி என்ற இத்தாலிய ரேஸ் ஓட்டுநர் தன் காருக்காகத் தடித்த பிடியுள்ள சிறிய வளையம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். அதைப் பார்த்து ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸும் தன் ஃபெராரிக்கு ஒன்று கேட்டார், 1964-இல் உலகச் சாம்பியனும் ஆனார். மொரெட்டி, இத்தாலியின் ரேஸ் மைதானமான மோன்ஸா என்ற இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்ததுதான் மோமோ. தடித்த பிடியைக் கெட்டியாக நெரிக்க வேண்டியதில்லை, அதனால் நெடுந்தூரம் ஓட்டும்போது கை சோராது. உங்கள் கை சிறியதென்றால் மட்டும் ரொம்பத் தடித்ததை எடுக்காதீர்கள்.

தோல் நல்லது, வியர்வையில் பளபளத்து வழுக்கத் தொடங்கினால் தோல் கிளீனர் போட்டுத் துடைத்தாலே திரும்பி வரும். ஸ்வேட் எனப்படும் மென்தோல், கையுறை போட்டு ஓட்டுபவர்களுக்குத்தான் ஏற்றது; வெறுங்கை பட்டால் சீக்கிரம் அழுக்கேறித் தட்டையாகிவிடும். மரம் பழைய காருக்கு மிக அழகு, ஆனால் வெயிலில் நிற்கும் காரில் அதன் பாலிஷ் வெடிக்கும்.

பணம் குறைவு என்பவர்களுக்கு என் பரிந்துரை பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளால் ஆன பிடி. பெயருள்ள கம்பெனியின் எளிய பாலியூரிதேன் வளையம், பெயரைத் திருடி ஒட்டிய போலித் தோல் வளையத்தைவிட எத்தனையோ மேல். போலிகள் இந்தச் சந்தையில் நிறைய. அவற்றில் லோகோ அச்சு அசலாக இருக்கும், உள்ளே சட்டம் மெலிந்திருக்கும், வெல்டிங் விட்டு விட்டு இருக்கும். வாங்குமுன் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். ஜெர்மன் அனுமதி பெற்ற வளையங்களில் ஸ்போக்கின் பின்னால் கே.பி.ஏ. எண் (ஜெர்மன் வாகனத் துறையின் அனுமதி எண்) பொறித்திருக்கும். பழைய மோமோ வளையங்களில் தயாரித்த மாதமும் வருடமும்கூட இருக்கும். முன்பக்கத்தைப் பத்துக் கோணத்தில் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கையில் வந்ததும் மேலே சொன்ன இழுத்துத் தள்ளும் சோதனையை இதற்கும் செய்யுங்கள். ஸ்போக் கொஞ்சம் கொடுத்துத் திரும்பி வந்தால் சரி. வளைந்த இடத்திலேயே நின்றாலோ ‘நொறுக்’ என்று சத்தம் வந்தாலோ திருப்பி அனுப்புங்கள். பழைய வளையம் என்றால் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கழற்றி மாட்டும் குவிக் ரிலீஸ் சாதனம் திருட்டுக்குத் தடை என்று சிலர் வாங்குகிறார்கள். மலிவானவற்றில் சீக்கிரமே ஆட்டம் வந்துவிடும். தெருக் காருக்கு அது தேவையில்லை.

கழற்றுதல்

வண்டியைச் சமதரையில் நேராக ஓட்டி, திருப்பாமல் நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹாரன் மூடியை எடுத்ததும் ஸ்பிரிங், வாஷர், காப்பு வளையம் என்று சின்னச் சாமான்கள் வரும். ஒவ்வொன்றையும் எடுக்குமுன் படம் எடுங்கள்.

நடு நட்டைத் தளர்த்தும்போது ஸ்டீயரிங் பூட்டின்மேல் பளுவைப் போடாதீர்கள், பூட்டு உடையும். இன்னொருவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். நட்டை முழுதாக எடுத்துவிடாமல் மூன்று நான்கு மரையில் விட்டுவையுங்கள். இறுகிப்போன ஸ்டீயரிங் திடீரென்று விடும்போது அந்த நட்தான் உங்கள் முகத்தைக் காப்பாற்றும். காலத்தின் நுனியிலும் பழைய ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியிலும் ஒரே கோடாக ஓர் அடையாளம் போட்டுவிட்டு, புல்லர் என்ற இழுப்புக் கருவியை மாட்டி மெதுவாக இழுங்கள்.

சுத்தியல் வேண்டவே வேண்டாம். மோதலில் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் காலத்தை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல்களில் கொண்டுவந்தது, 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் கார்களுக்கு அது விதியாகவே ஆனது. இப்படிப்பட்ட பல காலங்களில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தண்டுகளைப் பிடித்து வைத்திருப்பவை சிறிய பிளாஸ்டிக் ஊசிகள்தான். நுனியில் நாலு அடி அடித்தால் ஊசி அறுந்து, காலம் உள்ளே ஆடத் தொடங்கும். பிறகு காலத்தையே மாற்ற வேண்டிவரும்.

மாட்டுதல்

ஸ்ப்லைனைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, பாஸில் மேல்பக்கம் என்று குறித்த இடம் மேலே வரும்படி வையுங்கள். பாஸின் பின்னால் இருக்கும் ஊசியோ நாக்கோ, திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டரை அணைக்கும் பாகத்தில் போய்ச் சேர வேண்டும். சேராமல் இறுக்கினால் அந்தப் பிளாஸ்டிக் உடையும். நட்டை அந்தக் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள், கை மதிப்பில் விடாதீர்கள்.

அடுத்து ஹாரன். பல பழைய கார்களில் ஹாரன் பட்டன் செய்யும் வேலை, ரிலேயிலிருந்து வரும் ஒயரை எர்த்தோடு சேர்ப்பது மட்டும்தான். பட்டனில் இரண்டு முனை இருந்தால் ஒன்றில் ஹாரன் ஒயர், இன்னொன்றில் பாஸிலிருந்து எர்த். ஒரே முனை என்றால் பட்டனின் உடலே எர்த். எல்லாம் சரியாக மாட்டியும் ஹாரன் அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் எர்த் இல்லை. பாஸின் பெயின்ட் தடுத்திருக்கும், அல்லது காலத்தின் கீழே இருக்கும் ரப்பர் இணைப்பைத் தாண்டும் சிறிய எர்த் ஒயர் அறுந்திருக்கும். அதைத் தேடாமல் பட்டனைக் குற்றம் சொல்லி இன்னொன்று வாங்கியவர்கள் பலர்.

வளையத்தின் 6 போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி ஆலன் கீயால் இறுக்குங்கள். மரை தளராமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட் லாக் பசை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு.

பிறகு முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். எங்கும் உரசக் கூடாது, எந்த நிலையிலும் ஹாரன் அடிக்க வேண்டும், இரு பக்க இண்டிகேட்டரும் தானாக அணைய வேண்டும். ஓட்டிப் பார்த்தால் வளையம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறதா? ஸ்ப்லைனில் 36 பல் என்றால் ஒரு பல் தள்ளினால் 10 டிகிரி மாறும். சாய்வு 5 டிகிரிக்குள் என்றால் பல் மாற்றிப் பயனில்லை, அலைன்மென்ட் செய்யுமிடத்தில், சக்கரங்களைத் திருப்பும் இரண்டு பக்க டை ராடையும் சம அளவில் திருப்பி நேராக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம் ஓட்டியபின் ஹாரன் பட்டனைக் கழற்றி நட்டையும் போல்ட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்து, பாஸ், வளையம் இரண்டின் அனுமதித் தாள்கள் இருந்தால் வண்டி ஆவணங்களோடு வையுங்கள். கழற்றிய பழைய ஸ்டீயரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் நட், வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஸ்போக்கில் கட்டி, துணி சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காரை என்றாவது விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.